நஸீறாவை உள்ளே விடாத கம்ப்யூட்டர்

786

கல்முனைக்குடி
12.08.1998

அன்பு மகன் மசூருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் வாப்பாவும் உன் தங்கச்சி நஸீறாவும் அல்லாஹ்வின் உதவியால் நலமாக இருக்கிறோம், றியாத் வெயிலில் நீயும் அப்படியே இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன், அவளுடைய வேலை போகவில்லை, அவள் பெயருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். வெள்ளிக்கிழமை சந்தியில் உள்ள கொமியூனிகேசன் கடைக்கு நீ போன் எடுத்தபோது நான் அழுததை மறந்துவிடு, இப்போது சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அன்று அரைகுறையாகச் சொன்னதை இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன். ஸலாஹுதீன் ஹாஜியாரின் நெல் ஆலையில் அவள் வேலை செய்யும் கம்ப்யூட்டர், பெயரையும் இரகசியச் சொல்லையும் கேட்டுத்தான் ஆளை உள்ளே விடும். போன மாதம் வரைக்கும் ஒரு கரைச்சலும் இல்லை. பிறகு பார்த்தால் மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து அடித்தால் சொல் பிழை என்கிறது, திரும்பத் திரும்ப அடித்தால் பூட்டிக்கொள்கிறது. கணக்கப்பிள்ளை இளையதம்பி தன் சொல்லை அடித்தால் மட்டும் உடனே திறக்கிறது. அவர் தங்கமான மனிதர், ஆனால் அதனாலேயே பழி முழுக்க இவள் தலையில் விழுந்தது. இவள் யாருக்கோ சொல்லைக் கொடுத்துவிட்டாள், அவர்கள் உள்ளே போய் மாற்றிவிட்டார்கள் என்று ஆலைக்குள் ஒரே கதை. சனிக்கிழமைக்குள் திறக்காவிட்டால் வேறு ஆளைப் பார்க்கிறேன் என்று ஹாஜியாரும் சொல்லிவிட்டார். வாப்பாவைக் கேட்கவா வேண்டும், "வேலையும் வேணாம், கெட்ட பேரும் வேணாம், ஊட்டயே இரி மகள்" என்று ஒரே பிடி. பிள்ளை சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழும்பிவிட்டாள்.

நட்சத்திரம் விழும் கட்டத்தில் அடிக்காமல் பெயர் கேட்கும் கட்டத்தில் அந்தச் சொல்லை அடித்துப் பார் என்று போனில் அவளுக்குச் சொன்னாயே, சனிக்கிழமை போனதும் அதைத்தான் செய்திருக்கிறாள். எழுத்தெல்லாம் வந்ததாம், முன்னால் அடித்த 786 மட்டும் வரவேயில்லையாம். இந்தக் கடிதத்தின் தலையில் பிஸ்மிக்காக நான் போட்டிருக்கும் அதே 786தான், எதைத் தொடங்கினாலும் அதைப் போடாமல் தொடங்கமாட்டாள் அவள். இப்போது சொல்லை மாற்றிவிட்டாள், அதனால்தான் பயமில்லாமல் எழுதுகிறேன். அந்த இலக்கங்களை வலப்பக்கம் தனியாக இருக்கும் பட்டன்களில் அடிப்பாளாம், மேலே ஒரு சின்னப் பச்சை விளக்கு எரிந்தால்தான் அவை இலக்கம் போடுமாம். முறையாக வெளியேறி மூடினால் பெட்டி அந்த விளக்கை ஞாபகம் வைத்திருக்கும், திடீரென்று கரண்ட் போனால் மறந்துவிடும் என்கிறாள். இளையதம்பியின் சொல்லில் இலக்கமே இல்லையாம், அதுதான் அவருக்கு மட்டும் திறந்திருக்கிறது.

கரண்டை நிறுத்தியது யார் தெரியுமா, ஹாஜியார்தான். போன மாதம் ஆலையில் ஒரு மோட்டார் எரிந்ததிலிருந்து, லுஹருக்குப் பாங்கு சொன்னதும் தன் கையாலேயே மெயின் சுவிட்சை இழுத்துவிட்டுத்தான் பள்ளிக்குப் போகிறார். இவளும் பாங்கு கேட்டவுடன் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழும்பிவிடுவாள், கம்ப்யூட்டரை யார் நினைத்தார்கள். இதை முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்று இளையதம்பி தயங்கியிருக்கிறார். உன் தங்கச்சியே எழும்பிப் போய், உங்கள் சுவிட்சால்தான் இது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

அன்று பின்னேரம் அஸருக்குப் பிறகு ஹாஜியார் வீட்டுக்கே வந்தார். வாப்பா இரியுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. அவர் நின்றபடியே, "பிழை என்ட கையில. புள்ளையச் சந்தேகப்பட்டுட்டன், மாப்புச் செய்யுங்க. மகள நாளைக்கி அனுப்புங்க" என்றார். வாப்பா உள்ளே வந்து அவளுடைய பர்தாவை அயன் பண்ணி வை என்றார் என்னிடம். அன்றைக்குத்தான் மகன் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இறக்காமத்து வயலுக்குள் யானை இறங்கியதாம், வாப்பா இரண்டு நாளாக அங்கேதான், முழங்கால் வலியைச் சொன்னால் கேட்கிறாரா. நீயும் அவருடைய பிள்ளைதானே, வேலை வேலை என்று சாப்பாட்டை விடாதே, கம்ப்யூட்டர் பார்க்கிற கண்ணைக் கவனித்துக்கொள். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நிறைந்த பரக்கத்தையும் தரட்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு போன் எடுக்க மறந்துவிடாதே, கடையில் காத்திருப்போம்.

இதை எழுதாமல் விடப் பார்த்தேன். இப்போதெல்லாம் பாங்கு சொன்னால் ஹாஜியார் மெயின் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாராம். மகள், வெளியேறிவிட்டீர்களா என்று கேட்டு, நஸீறா ஓம் என்ற பிறகுதான் இழுக்கிறாராம்.

இப்படிக்கு
உன்னைக் காண ஆசையோடு இருக்கும்
உம்மா