அடுப்பு இருந்த இடத்தில் ஆரஞ்சுக் கூடாரம்

சிவப்புக் கிணறு,
ஜூலை 9

என் மகள் சாரூலுக்கு,

புடாபெஸ்டில் உனக்கு ஆடும் மாடும் இல்லாததால் அவை கொழுத்திருக்கின்றனவா என்று கேட்டுக் கடிதத்தைத் தொடங்க முடியவில்லை, ஆகவே நேராக உன்னையே கேட்கிறேன், நீ கொழுத்திருக்கிறாயா? இங்கே நானும் அப்பாவும் நலம், ஆடுகள் சுமார், மழை வந்துவிடும் என்ற நம்பிக்கையில் மாடுகளும் நலம். உன் சம்பூ சித்தப்பா நாளை ஊர் மையத்துக்குப் போகிறார், அங்கேதான் சிக்னல் இருக்கிறது, இந்தத் தாள்களைப் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன், வரிசை மாறி வந்தால் அவரைத் திட்டு, என்னைத் திட்டாதே. நீ அனுப்பிய ஒற்றை வரிச் செய்தி போன வாரம்தான் எனக்கு வந்து சேர்ந்தது. இருபத்துநான்காம் தேதி நீ வந்து இறங்கும்போது உன் ஆள் பலாஷ் இந்த நாட்டில் இருப்பானா, இல்லை பன்னிரண்டாம் தேதி விசா முடிந்து போய்விடுவானா என்று கேட்டிருக்கிறாய். உங்கள் கல்யாணத்தைப் பற்றி அப்பாவிடம் பேச நீ ஒரு வருடமாகத் தைரியம் சேர்த்து வைத்திருப்பது எனக்குத் தெரியும், பேச வரும் நாளில் ஆளே இல்லை என்றால் எப்படி இருக்கும் என்பதும் தெரியும். பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது, ஆனால் கடைசித் தாளுக்குத் தாவாதே, நடந்ததை நடந்த வரிசையில் சொன்னால்தான் எனக்கே அது புரியும்.

அவன் வந்த கதையை உனக்கு எப்படிச் சொன்னானோ தெரியாது, இங்கே எல்லாரிடமும் ஓடுவது வண்டிக்காரர் சொன்ன கதைதான். சுற்றுலாக் கம்பெனி கார் வேண்டாம், வழிகாட்டி வேண்டாம், தானே போகிறேன் என்று கிளம்பியவன் கையில் பதினொரு பக்கத் திட்டம் வைத்திருந்தான், அதில் பிற்பகல் இரண்டரை முதல் மூன்று வரை மதிய உணவு என்று கட்டம் போட்டிருக்கிறது, எந்த இடத்தில் என்பதுதான் இல்லை. மாகாணத் தலைநகரில் பதினொரு பேர் உட்காரும் வேனில் பத்தொன்பதாவது ஆளாக ஏறியிருக்கிறான். ஏறின அரை மணியில் எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று கேட்டிருக்கிறான். வண்டிக்காரர் காது கேட்காதவர்போல இருந்துவிட்டார். இரண்டாம் முறை கேட்டதும் பின்னால் இருந்த பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டார்கள். மூன்றாம் முறை கேட்டதும் டயர் வெடித்தது. "கேட்டியா, கேட்டியா, இப்ப திருப்தியா? நான் மட்டும் பத்து மணின்னு வாயத் தொறந்திருந்தா எஞ்சினே போயிருக்கும்" என்று வண்டிக்காரர் குதித்தாராம், மாற்று டயரை அவன் ஒருத்தனே தூக்கிப் போட வேண்டும் என்று பத்தொன்பது பேரும், அவனையும் சேர்த்து, முடிவு செய்தார்களாம். விசா பற்றி அவனுக்கு அத்தனை சொல்லிக்கொடுத்தவள் வழியில் எதைக் கேட்கக்கூடாது என்பதைச் சொல்லாமல் விட்டாயே அம்மா. ஊர் மையத்தில் இறங்கி கம்பளி போர்த்திய நம் கெர் வீடு எங்கே என்று கேட்டிருக்கிறான், எல்லாரும் "அதோ, கிட்டத்தான்" என்று கை காட்டியிருக்கிறார்கள், கிட்டத்தான் என்றால் நடந்துபோகும் தூரம் என்று நினைத்து ஒன்றரை நாள் நடந்து வந்து சேர்ந்தான். தூரத்தில் இருந்தே நீ சொல்லிக்கொடுத்தபடி நாயைப் பிடிங்க என்று கத்தினான், தூங்கிக்கொண்டிருந்த நாய் அந்தச் சத்தத்தில்தான் எழுந்தது. அப்பா பொடிக் குப்பியை நீட்டினார், அவன் வலது கையால் ஒழுங்காக வாங்கி, ஒழுங்கில்லாமல் ஒரு பெரிய சிட்டிகை இழுத்து, பதினொரு தும்மல் போட்டான். அப்பா வெளியே போய்விட்டார். "கையச் சரியாத்தான் நீட்டினான், மூக்குதான் பழகல" என்று என்னிடம் சொன்னதோடு சரி, அதன்பின் பல நாள் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது என் தவறைச் சொல்கிறேன். தங்கும் அனுமதியை நீட்டிக்க அழைப்புக் கடிதம் வேண்டும் என்று நீ சொன்னாய் அல்லவா, அந்தப் படிவத்தில் விருந்தினர் தங்கும் முகவரி, தெரு, கதவு எண் என்று மூன்று கட்டங்கள். பக்கத்துக் கெர் துல்மா இதையெல்லாம் காலியாக விட்டுவிடு, கிணற்றுக்குப் பக்கம் என்று எழுது போதும் என்றாள். எனக்கு மனசு வரவில்லை. இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குப் பூகோளம் நடத்துகிறேன், உலகத்தில் உள்ள தலைநகர் எல்லாம் எந்த இடத்தில் இருக்கிறது என்று கரும்பலகையில் புள்ளி வைத்திருக்கிறேன், என் சொந்த வீட்டுக்கு ஒரு புள்ளி வைத்ததில்லை. உன் ஆளின் அம்மா அப்பா இந்தத் தாளைப் பார்ப்பார்கள், காலிக் கட்டத்தைப் பார்த்து இவர்களுக்கு வீடே இல்லை என்று நினைப்பார்கள் என்று ஒரு கூச்சம். ஆகவே டீ கொதித்துக்கொண்டிருக்கும்போது அடுப்புப் பக்கத்தில் நின்று போனில் அட்சரேகை தீர்க்கரேகை பார்த்து, தசமப் புள்ளிக்குப் பின் ஆறு எண்கள் எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா. நகரும் வீட்டுக்கு நகராத முகவரி எழுதுகிறோம் என்று அந்த நேரத்தில் படித்த மூளைக்கு உறைக்கவில்லை.

ஜூன் முழுக்க மழை இல்லை. நாங்கள் இருந்த மஞ்சள் மேட்டில் புல் பல்லுக்குக்கூட எட்டாமல் போனதும் இருபத்தொன்பதாம் தேதி காலை அப்பா கெர்ரைப் பிரிக்கச் சொன்னார். பிரித்தோம், கம்பளங்களைச் சுருட்டினோம், லாரியில் ஏற்றினோம், பலாஷும் எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்தான், கடைசியில் வண்டியில் ஏறு என்றதும் ஏறவில்லை. "மன்னிச்சிடுங்க. இது எல்லைப் பகுதி. தாள்ல போட்டிருக்கிற இடத்துல மட்டும்தான் நான் தங்கலாம். சட்டப்படி நான் இங்கதான் இருக்கணும்" என்று நின்றான். சம்பூ சித்தப்பா லாரி மேலிருந்து, "டேய் நெட்ட, வீடே போகுது, நீ யாருக்கு விருந்தாளி? வெட்டுக்கிளிக்கா?" என்று கேட்டார். அவன் அதற்கும் மன்னிச்சிடுங்க என்றான். அப்பா என்னிடம், "பசிச்சா வருவான், ஒரு நாள்" என்றார். நாங்கள் முப்பத்துநான்கு கிலோமீட்டர் வடக்கே இந்தச் சிவப்புக் கிணற்றில் வந்து இறங்கினோம். ஒரு நாள் போனது, இரண்டு நாள் போனது, அவன் வரவில்லை.

மூன்றாம் நாள் நானும் அப்பாவும் போய்ப் பார்த்தோம். நம் கெர் இருந்த இடத்தில் புல் மஞ்சளாகி வட்டமாகக் கிடந்தது, அந்த வட்டத்தின் நட்டநடுவில் ஒரு ஆரஞ்சு நிறக் கூடாரம், அதன் வாசலில் அவன் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தான். சுற்றி அடிவானம் வரைக்கும் வேறு எதுவும் இல்லை. நான் எழுதின ஆறு தசமத்தைப் போனில் தேடி, ஒரு சாண் பிசகாமல் அங்கே கூடாரம் அடித்திருக்கிறான். அது சரியாக நம் அடுப்பு இருந்த இடம். அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. "அடுப்பு மேல படுத்துத் தூங்குறான் துங்கலக், எங்கப்பன் காலத்து அடுப்பு மேல காலை நீட்டித் தூங்குறான்!" என்று என் பேரைச் சொல்லி என்னிடம்தான் கத்தினார், அவனிடம் இல்லை. அடுப்பு இருந்த இடத்தை மிதிக்கக்கூடாது என்று நான் அவனுக்கு எடுத்துச் சொன்னேன், அவன் மன்னிச்சிடுங்க என்றான், ஆனால் தள்ளிப் படுத்தால் முகவரி மாறிவிடுமே என்று வரைபடத்தைக் காட்டினான். கடைசியில் குறுக்கே படுத்து, அடுப்பு இருந்த ஒரு முழ இடத்தை மட்டும் காலியாக விட்டு, உடம்பை வளைத்துத் தூங்குவதாக ஒப்புக்கொண்டான். அன்றிலிருந்து தினமும் காலை அப்பா மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, காணாமல்போன செங்குதிரையைத் தேடப் போகிறேன் என்று கிளம்புவார், பையில் வேகவைத்த கறியும் காய்ந்த தயிர்க்கட்டியும் இருக்கும். செங்குதிரை எங்கள் கண் முன்னாலேயே கட்டியிருந்தது. நானும் குதிரை கிடைத்ததா என்று தினமும் கேட்டேன், அவரும் இல்லை என்று தினமும் சொன்னார்.

ஏழாம் தேதி பிற்பகல் சோதனை அதிகாரி வந்தார். அதிகாரி என்றால் யார், நம் ஓச்சிர்தான், என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன், நினைவிருக்கிறதா, வரைபடத் தேர்வில் ஆறுகளை மலைமேல் ஏற்றினவன். நேராக முகவரிக்குப் போயிருக்கிறான், விருந்தாளி இருக்கிறான், வீட்டுக்காரர்களைக் காணோம், டயர் தடத்தைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்துவிட்டான். டீயைக் கையில் வாங்கிக்கொண்டு, "டீச்சர், பத்து வருஷமா இந்த வேலைல இருக்கேன். எழுதின இடத்துல இருந்த ஒரே வெளிநாட்டுக்காரன் இவன்தான். ஆனா கூப்பிட்டவங்க நீங்க தலைமறைவு. இதை நான் எப்படி எழுதுறது?" என்றான். முகவரியை மாற்றிக் கொடுக்கிறேன் என்றேன். "மாத்தலாம் டீச்சர், பதினஞ்சு வேலை நாள் ஆகும். பதினொண்ணுலேர்ந்து நாதாம் விழா, ஆபீஸ் பூட்டிருவாங்க, பன்னெண்டு அவனுக்குக் கடைசி நாள். நாளை மத்தியானம் நான் திரும்பப் போறப்ப அந்த இடத்துல உங்க வீட்டைப் பார்த்தா, பார்த்தேன்னு எழுதுவேன். பார்க்கலேன்னா பார்க்கலேன்னுதான் எழுதணும். வரைபடத்துல இல்லாததப் போடக்கூடாதுன்னு எனக்கு முப்பத்தெட்டு மார்க் போட்டு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க" என்றான். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம்போல இருந்தது.

அவன் போன பிறகு அப்பாவுக்கு டீ ஊற்றிக் கொடுத்தேன். அங்கே புல் இல்லை, ஆடுகள் இங்கேதான் இருக்கவேண்டும், நம்மிடம் இருப்பது ஒரே கெர், இறக்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. அவர் வேண்டாம் என்றால் நான் கேட்டிருக்க மாட்டேன், மகளே, அதை உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், ஒரு மனுஷனிடம் அவர் வீட்டைத் தூக்கச் சொல்ல எனக்கு வாய் வராது, அதுவும் என் எழுத்தால் வந்த வினைக்கு. அவர் டீயைக் குடித்து முடித்து, கிண்ணத்தை நக்கி, அங்கி மடிப்புக்குள் வைத்துக்கொண்டு எழுந்து வெளியே போனார். மழை வருமா என்று பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். வெளியிலிருந்து குரல் மட்டும் வந்தது. "கயித்த அவிழு."

எட்டாம் தேதி விடிந்ததும் கெர்ரை லாரியில் ஏற்றிக்கொண்டு அங்கே போய்விட்டோம். பலாஷ் ஓடிவந்து கூடாரத்தைப் பிரிக்கத் தொடங்கினான், அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். "தொட வேணாம்னு சொல்லு. அதிகாரி அவனை அங்க பார்த்துட்டுப் போயிருக்கான். அவன் இருக்கிற இடத்துல இருக்கட்டும், வீடுதான் நகரணும்" என்று சம்பூ சித்தப்பாவிடம் சொன்னார். ஆக, கூடாரத்தைச் சுற்றியே கெர்ரை எழுப்பினோம். நடுவில் நின்று கூரையின் மேல்வளையத்தைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும், அவன்தான் நெட்டை, கூடாரத்துக்கு இரண்டு பக்கமும் காலை அகட்டி நின்று பிடித்தான். அப்பா ஒவ்வொரு கழியாகச் சொருகினார், அவ்வளவு மெதுவாக அவர் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை, ஒரு கழியைச் சொருகி, தள்ளி நின்று பார்த்து, பொடி போட்டு, அடுத்ததை எடுத்தார். சம்பூ சித்தப்பா, "அண்ணே, பையன் கை ஆடுது, வளையம் விழுந்தா உன் தலைலதான்" என்று சிரித்தார். அப்போதுதான் அப்பா அவனைப் பார்த்து முதல்முறையாகப் பேசினார். "விட்றாத" என்றார். அவன் விடவில்லை.

ஓச்சிர் சொன்னபடி மத்தியானம் வந்தான். உள்ளே நுழைந்தால் கெர்ருக்குள் கூடாரம், கூடாரத்துக்குள் பலாஷ், அடுப்புக்கு இடமில்லாமல் அடுப்பு வெளியே புகைந்துகொண்டிருந்தது, நாங்கள் மூவரும் கூடாரத்தைச் சுற்றிச் சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்திருந்தோம். அவன் குனிந்து கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்தான். சிரிப்பான் என்று பார்த்தேன், பாவம், சீருடையில் இருந்தான். படிவத்தை எடுத்து, விருந்தினருக்குத் தனி அறை உண்டா என்ற கேள்விக்கு நேரே, உண்டு என்று எழுதினான். "கதவுக்கு ஜிப்பு இருக்கு டீச்சர், நல்ல வசதி" என்றான். ஆகஸ்ட் இருபது வரை முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு, நாதாம் பந்தயத்தில் அவன் குதிரை ஓடுகிறதாம், அதைச் சொல்லிக்கொண்டே பறந்துவிட்டான். ஆக உன் கேள்விக்குப் பதில், இருப்பான்.

நான் உடனே கெர்ரைத் திரும்பப் பிரிக்க எழுந்தேன், இங்கே ஆடுகளோடு சம்பூவின் மனைவி மட்டும்தான் இருந்தாள். அப்பா வேண்டாம் என்றார். நாங்கள் சிவப்புக் கிணற்றில் சம்பூ கெர்ரில் இருந்துகொள்ளலாம், அவன் குறட்டையைப் பொறுத்துக்கொள்ளலாம், இந்த வீடு மஞ்சள் மேட்டிலேயே நிற்கட்டும் என்றார். பிறகு பலாஷைக் கூப்பிட்டு, "இப்ப உன் கூடாரத்த மடி. அடுப்ப உள்ள கொண்டுவந்து அது இடத்துல வை" என்றார். அவன் வைத்தான். புகைக்குழாயை மாட்டினான், காய்ந்த சாணியை அடுக்கினான், தீக்குச்சியை எடுத்தான். அப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ மூட்டாத. இது புதுசா போட்ட வீடு. சாரூல் வந்து மூட்டுவா" என்றார். சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, குதிரை தேடப் போகிறேன் என்று போய்விட்டார். புது வீட்டில் முதல் தீயை மூட்டுவது மணப்பெண்தான் என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை போல, என்ன தப்பு செய்தேன் என்று என்னைப் பார்த்தான். நான் சொல்லவில்லை. அது நீ சொல்லவேண்டியது. அவன் இப்போது சட்டத்துக்குக் கட்டுப்பட்டவனாக எதிரே தீக்குச்சிப் பெட்டியை வைத்துக்கொண்டு பச்சைத் தண்ணீரும் ஆறின கறியும் சாப்பிடுகிறான், நீ வரும்வரை இப்படித்தான், ஆகவே விமானத்தைத் தவறவிடாதே.

வழியில் வண்டிக்காரரிடம் நேரம் கேட்காதே. யார் கிட்டத்தான் என்றாலும் நடந்து கிளம்பாதே. இரவில் கூதல் இருக்கிறது, அவனுக்கு ஒரு கம்பளிக் குல்லாய் வாங்கி வா, தலை பெரியது, பார்த்து வாங்கு. நீ நடக்கும் வழியெல்லாம் பாலாக இருக்கட்டும், தொட்டதெல்லாம் கொழுக்கட்டும், அப்பா ஒன்றும் சொல்லச் சொல்லவில்லை, ஆனால் நான் எழுதும்போது இரண்டு முறை எட்டிப் பார்த்தார். முக்கியமாக உன் அடையாள அட்டையை மறந்துவிடாதே, இந்த எல்லைப் பகுதியில் நம் குடும்பத்திலேயே தாள் சரியாக இருப்பவன் இப்போதைக்கு அவன் ஒருத்தன்தான், உன்னை உள்ளே விட அவன் சிபாரிசு செய்ய வேண்டி வந்தால் எனக்கு மானம் போய்விடும்.

உன் நெற்றியை முகர்ந்து,
உன் அம்மா
துங்கலக்