தாத்தாவை ஓடவிட்ட நைலான்

அன்பு மகன் நபாரிக்கு யெண்டியிலிருந்து அம்மா எழுதுவது, அல்லாஹ்வின் கிருபையால் நானும் அப்பாவும் உன் தங்கையும் சுகம், ஆடு மட்டும் இருமுகிறது, நீ போனில் அனுப்பிய கோஞ்சே வாசிப்பைக் கேட்டதிலிருந்துதான் இப்படி என்கிறாள் உன் தங்கை. ஹாம்பர்க் குளிரில் உன் உடம்பு சுகமா என்று கேட்க உட்கார்ந்தேன், இப்போது உன் காது சுகமா என்றுதான் கேட்க வேண்டியிருக்கிறது.

நண்பர்கள் கூட்டத்தில் சும்மா வாசித்தேன் என்றாயே, யாரிடம் சும்மா? நான் ஒற்றை நரம்புக் கோஞ்சே வாசிக்கிறவர் வீட்டில் பிறந்தவள், முப்பது வருடமாக உன் அப்பாவின் வில்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுரைக் கிலுக்கை ஆட்டுகிறவள். பள்ளிக்கூடத்தில் மூன்றே வகுப்பு, ஆனால் நரம்பு பேசினால் எழுத்துக்கூட்டாமல் படிப்பேன். நீ வாயைத் திறக்காமல் நரம்பிலேயே கூப்பிட்டதெல்லாம் சவெலுகு ஊர் அபுகாரி வீட்டு முன்னோர் பெயர்கள். அவர் மகள் வும்பினி நீ இருக்கும் ஊரில்தான் நர்ஸ் வேலை பார்க்கிறாள் என்பது எனக்குத் தெரியாதா? பெண் பார்த்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்ல வெட்கம், ஊரைக் கூட்டி வாசிக்க மட்டும் வெட்கமில்லை.

சரி, கூப்பிட்டதை ஒழுங்காகவாவது கூப்பிட்டாயா? அவள் தாத்தாவுக்கு உள்ள புகழ்மொழி, குதிரை செத்தும் களத்தில் நின்றவன் என்பது. கடைசிச் சொல்லில் நரம்பின் குரல் மேலே ஏற வேண்டும், இறங்கினால் நம் பேச்சில் ஓடினவன் என்று ஆகிவிடும், இது நம் தெருக் கோழிக்கும் தெரியும். நீயோ நரம்பில் குதிரைவால் முடிக்குப் பதிலாகத் தூண்டில் நைலானைக் கட்டியிருக்கிறாய், அது ஏறாமல் வழுக்கி விழ, குதிரை செத்ததும் கிழவர் எடுத்தார் ஓட்டம். அதற்கு அங்கே கைதட்டல் வேறு.

வும்பினி பெருமையாக அதைத் தன் அப்பாவுக்கும் அனுப்பிவிட்டாள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து போனைக் கையில் பிடித்தபடி அபுகாரி வந்து நின்றார். பெரிய வித்வான் உன் அப்பா, கினிக்கோழியைக் காணோம் என்று கொல்லைப்பக்கம் போனவர்தான். நான் கொடுத்த தண்ணீரைக்கூட அபுகாரி வாங்கவில்லை. "பொண்ணு கேக்குறதுக்கு முன்னாடியே எங்கப்பாவ ஓட விட்டுட்டான் உங்க புள்ள" என்றார். இந்த வாய் சும்மா இருக்குமா, "ஓடுனது உங்கப்பா இல்லீங்க அண்ணே, என் புள்ள கட்டுன நைலான்" என்றேன். மீசை லேசாக அசைந்தது, தண்ணீரை வாங்கிக் குடித்தார். தம்பா திருநாளன்று அவர்கள் வீட்டார் எல்லாரும் கூடியிருக்கும்போது நீ போனில் வாசிக்க வேண்டுமாம், தாத்தா நின்றால் பெண் கேட்டு நாம் அனுப்பும் கோலாக் கொட்டையை வாங்கிக்கொள்வார்களாம், ஓடினால் பெண்ணுக்கு வேறு இடம் பார்ப்பார்களாம்.

உன் அத்தை மகன் அங்கே வருகிறான், இந்தக் கடிதத்தோடு அவனிடம் குதிரைவால் முடி ஒரு பிடி கொடுத்தனுப்பியிருக்கிறேன். வால் முடியைப் பிடுங்கப்போய் உன் அப்பா குதிரையிடம் உதை வாங்கி நொண்டுகிறார், உனக்காக அந்த மனிதர் செய்த ஒரே வீரம் அதுதான். நைலானைக் கழற்றி மீன் பிடிக்கிறவனிடம் கொடுத்துவிடு. நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக் குல்லா போடு, வாசிக்கும்போது மட்டும் கழற்றிவிடு. அல்லாஹ் உன் கையைக் காப்பானாக, வும்பினிக்குப் பொறுமை தருவானாக. தம்பாவுக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கிறது, அதற்குள் அந்தக் கிழவரைத் திருப்பிக் கூட்டிவந்து களத்தில் நிற்க வை.

கிலுக்கைத் துடைத்து வைத்துக் காத்திருக்கும் அம்மா,
மெமுனாட்டு