மலைக்கு எந்த டேர்போ

யூலை 8, செவ்வாய்

சோளகக் காற்று விடாமல் அடிக்கிறது. வேலைத்தளம் முழுக்கப் புழுதி. திறந்து கிடந்த எஞ்சின் வாய்களையெல்லாம் துணியால் அடைத்துவிட்டுத்தான் புறப்பட்டேன்.

குகன் அண்ணையோடு கொடிகாமம், அவர் ஜீப்பின் எஞ்சினுக்குக் காற்றைத் தள்ளும் டேர்போ பார்க்க. மலைநாட்டுச் சேற்றுப் போட்டிக்கு இன்னும் பன்னிரண்டு நாள். அவர் ஓட்டுவார், நான் பக்கத்து இருக்கை. போன வருடம் டேர்போ இல்லாமல் போய், கடைசி ஏற்றத்தில் பாதியில் நின்றோம். உழவு இயந்திரம் கட்டி இறக்கினார்கள். அதை யாரோ கைப்பேசியில் எடுத்துவிட்டான். அவர் தோட்டத்து வெங்காயம் கொண்டுபோனால் சந்தையில் இன்னும் கேட்கிறார்களாம்: "குகன், ஏறிட்டியோ?"

இந்த முறை ஏற வேண்டும். முதல் மூன்று இடத்துக்குள் வராவிட்டாலும் பரவாயில்லை.

பழைய ஜப்பான் சாமான் விற்கும் வசந்தி அக்காவின் கடையில் இரண்டு தேறின.
சின்னது: வான் வண்டியில் கழற்றியது. தண்டில் ஆட்டம் இல்லை.
பெரியது: பிக்கப்பில் கழற்றியது. வெளியே துரு, உள்ளே சுத்தம்.

குகன் அண்ணை (இனிமேல் கு.அ.) பெரியதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார், பலாப்பழம் வாங்க வந்தவர் போல.

"உதுதான் வேணும்."

"ஏன்?"

"பாரமாய்க் கிடக்கு."

காரணமாம்.

"ரெண்டையும் பூட்டிப் பாருங்கோ. வேண்டாததை ஞாயிறுக்குள்ளை கொண்டு வாங்கோ. கழுவிப்போட்டு," என்றார் வசந்தி அக்கா.

யூலை 9, புதன்

கணக்கு. எஞ்சின் 2.8 லீற்றர் டீசல். சின்னது நிமிடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு சுற்றிலேயே காற்றைத் தள்ளத் தொடங்கும். பெரியது இரண்டாயிரத்தைத் தாண்டினால்தான் கண் விழிக்கும். சேற்றில் ஊர்ந்து ஏறும் வண்டிக்கு எது சரி? இதில் யோசிக்க என்ன இருக்கிறது.

சின்னதின் வரைபடத்தில் என் கணக்குப் புள்ளி, சுழலும் வேகம் தாண்டக்கூடாத கோட்டை முட்டிக்கொண்டு நிற்கிறது. முட்டினால் என்ன, உள்ளேதானே.

கு.அ.வுக்கு ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன். தலையாட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் கேட்டார்: "சத்தம் எதுக்குக் கூட?"

பூட்டித்தான் காட்டவேண்டும். ஆனால் எங்கே? யாழ்ப்பாணத்தில் ஏற்றம் என்று இருப்பது வீதி வேகத்தடை மட்டும்.

பிறகு கு.அ.வே சொன்னார்: கடற்கரை மணலில் வள்ளம் இழுத்துப் பார்ப்பம். நல்ல யோசனை. அவரிடம் சொல்லவில்லை.

யூலை 11, வெள்ளி

காலை ஆறரை, மயிலிட்டிப் பக்கம். வள்ளங்கள் கரைக்கு வரும் நேரம். சம்மாட்டி இராசன் அண்ணைக்கு ஐந்து வள்ளம். ஆளுக்குப் பதில் ஜீப் இழுக்கும் என்றதும் அவருக்குச் சந்தோஷம்.

பெரியதைப் பூட்டியிருந்தேன். கயிறு இறுகியது. ஜீப் உறுமியது. வள்ளம் நகரவில்லை. சில்லு நான்கும் மணலுக்குள். வள்ளக்காரருக்குப் பகிடி.

"எஞ்சினியர் தம்பி, கிணறு வெட்டவோ கொண்டு வந்தனீர்?"

"பாவமடா, களைச்சுப் போச்சு. தேத்தண்ணி குடுங்கோ அதுக்கு."

கு.அ. ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளுக்குள் நல்ல சந்தோஷம்.

யூலை 12, சனி

சின்னது. அதே வள்ளம், அதே கயிறு. கால் வைத்ததும் இழுத்தது. ஐந்தும் ஏறின. இராசன் அண்ணை ஒரு பை நிறையப் பாரை மீன் தந்து, "நாளைக்கும் வருவியளோ?" என்றார்.

கு.அ. கயிற்றைச் சுருட்டினார். நான் கதைத்தேன், திரும்பி வரும் வழி முழுக்க.

பின்னேரமே பெரியதை வசந்தி அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கழுவவில்லை.

"நாளை வரைக்கும் தவணை கிடக்கல்லோ. என்ன அவசரம்?"

"ஆராவது லொறிக்காரனுக்குக் குடுங்கோ. எங்களுக்கு உது வெறும் இரும்பு."

யூலை 14, திங்கள்

ஒயில் மாற்றினேன். குழாய் இறுக்கிகள் ஆறு, எல்லாம் புதிது.

கு.அ. வீட்டில் சாப்பாடு. அவர் மனைவி சுபா அக்கா, ஆசிரியை, பயணத்துக்குச் சாமான் கட்டிக்கொண்டிருந்தார். கம்பளிச் சட்டை இரண்டு, தைலம், புளிச்சாதத்துக்குப் பெட்டி.

"மிக்சர் பைக்கற் வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளையளோடை நுவரெலியா போகேக்கை, மேலை ஏற ஏற எல்லாப் பைக்கற்றும் ஊதி, ஒண்டு படாரெண்டு வெடிச்சுது. றைவர் ரயர் போச்செண்டு பஸ்ஸை நிப்பாட்டிப்போட்டு, இறங்கி நாலு ரயரையும் தட்டிப் பாத்தவர்."

கு.அ. விழுந்து விழுந்து சிரித்தார். நானும். பாதியில் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

மேலே காற்று மெலிவு. நான் கணக்குப் போட்டது இங்கத்தைய காற்றுக்கு.

வீடு, படித்த இடம், வேலைத்தளம் எல்லாம் கடல்மட்டம். உயரம் என்ற கட்டத்தில் எப்போதும் பூச்சியம் போட்டே பழகிவிட்டேன். இந்த முறையும் பார்க்காமலே போட்டிருக்கிறேன்.

மூன்று தரம் திருப்பிப் போட்டேன். போட்டி நடக்கும் ஆறாயிரம் அடியில் காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே அளவு காற்றைத் தள்ளச் சின்னது இன்னும் வேகமாகச் சுழலவேண்டும். புள்ளி கோட்டுக்கு வெளியே. நீள ஏற்றத்தில் சிதறலாம். சிதறினால் துண்டுகள் எஞ்சினுக்குள் போகும். அவருக்கு வெங்காயம் ஏற்றவும் அந்த ஜீப் ஒன்றுதான்.

பெரியது கோட்டுக்கு நன்றாக உள்ளே நிற்கிறது.

காற்றைத் தள்ளும் அளவைக் குறைத்துவைத்தால் சின்னது சிதறாது. போன வருடம் நின்ற இடத்திலேயே நிற்போம். ஏனென்று ஒருவருக்கும் தெரியவராது. இப்படியும் யோசித்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது.

யூலை 15, செவ்வாய்

சொன்னேன். கு.அ. வெங்காயத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டார்.

"அப்ப பாரமானதுதான் சரி."

"காரணம் பிழை."

"ஆனால் சரி."

"ஓம்."

வரம்பில் குந்தியிருந்து சிரித்தார். பிறகு கேட்டார்: "அது மணலிலை இழுக்கேல்லையே?"

"நீங்கள் உழவு மெசின் மாதிரி ஓட்டுறியள். சுற்று விழுந்த பிறகுதான் மிதிக்கிறியள். ஒரு கியர் குறைச்சு, இரண்டாயிரத்துக்குக் கீழை விழவிடாமல் பிடிக்கவேணும்."

"இப்ப பிழை என்னிலையோ?"

"பாதி."

பாதி என்று சொன்னதே அதிகம் என்று எனக்கே தெரியும்.

கொடிகாமம். பெரியது கடை வாசலிலேயே இருந்தது, கழுவித் துடைத்து.

"உம்மடை வெறும் இரும்பு," என்றார் வசந்தி அக்கா. "ஒருத்தன் பாத்திட்டுப் பின்னேரம் வாறனெண்டு போனவன்."

"எனக்கு இப்ப வேணும்."

"அப்பிடியோ? வடிவாய்க் கேளும்."

வடிவாய்க் கேட்டேன். இரண்டாம் முறைதான் அவருக்குத் திருப்தி.

யூலை 17, வியாழன்

மணல். முதல் தரம் புதைந்தது. இரண்டாம் தரமும். கு.அ.வின் கால் பழக்கத்தை மாற்றுவது எஞ்சினை மாற்றுவதைவிடக் கஷ்டம். நான் கத்தினேன், அவரும் கத்தினார். மூன்றாம் தரம் சுற்றை விழவிடாமல் பிடித்தார். வள்ளம் வந்தது. பெரியது விழித்துவிட்டால் சின்னது கிட்டவும் நிற்காது.

இராசன் அண்ணை: "சண்டை பிடிச்சால்தான் உங்கடை ஜீப் ஓடுமோ?"

யூலை 20, ஞாயிறு

மலையில் மழை, பனிப்புகார். விரல் விறைக்கிறது, எழுத்துக் கோணல்.

கடைசி ஏற்றம். எங்களுக்கு முன்னால் போன இரண்டு வண்டி ஓரத்தில் நின்றன. போன வருடம் நின்ற வளைவில் ஜீப் ஒருமுறை அமுங்கியது. சுற்றுமானி இரண்டாயிரத்து நூறு. "கியர்" என்று நான் வாய் திறக்கமுன் போட்டுவிட்டார். ஊளையிட்டுக்கொண்டு எழும்பியது. பிறகு சேறு, வானம், ஆட்கள்.

ஏறிவிட்டோம். எத்தனையாம் இடம் என்று கேட்கவில்லை.

கண்டிப் பக்கத்து மெக்கானிக் ஒருவர் வந்து பொனற்றைத் திறக்கச் சொன்னார். குனிந்து கன நேரம் பார்த்தார். அரைத் தமிழில், "டேர்போ நல்ல செலக்சன். யார் எடுத்தது?"

கு.அ. சேற்றுக் கையால் என் முதுகில் அறைந்தார்.

"உவன்தான். ரெண்டு தரம்."