ரமோனாவுக்கு ஓய்வு கொடுத்தேன்

சாகினா, மார்ச் 17

அன்பு மகள் ரமோனாவுக்கு, அப்பா தன் கையாலேயே எழுதுவது. எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்; நூலகத்தில் எழுதப் படிக்கச் சொல்லித்தரும் வகுப்பில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது, ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது. நான் சுகம், முழங்கால் மட்டும் பழையபடி. அலாஸ்கா குளிரில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்கவேண்டும்.

பள்ளி ரோபோ அணிக்கு நான்தான் பேட்டரி பார்க்கிறேன் என்று உனக்குத் தெரியும். இங்கே ஒவ்வொரு பேட்டரிக்கும் பேர் வைப்பார்கள், நீலப் பட்டை ஒட்டியதற்கு நான் உன் பேரை வைத்தேன். ராசியானது என்று முக்கியமான ஆட்டத்துக்கெல்லாம் அதைத்தான் மாட்டுவேன். சனிக்கிழமை இறுதிச் சுற்று, மூன்றில் இரண்டு ஜெயித்தால் மாநிலப் போட்டி. முதல் ஆட்டத்துக்கும் ரமோனாதான். மீட்டர் பன்னிரண்டே முக்கால் வோல்ட் காட்டியது, முழு சார்ஜ். முடிய இருபது விநாடி இருக்கும்போது ரோபோ தூக்கிய கையோடு செத்து நின்றுவிட்டது, தோற்றோம். ஓட்டுகிற பெண் பிரின் தன் தப்புதான் என்று முகத்தை மூடிக்கொண்டாள். ஆசிரியர் ஹாஸ்கின்ஸ் ஒவ்வொரு வயராக இழுத்துப் பார்த்தார். அடுத்த ஆட்டத்துக்கு எட்டு நிமிடம்.

பிள்ளைகள் மாதாமாதம் பேட்டரிகளைச் சோதித்து எழுதும் நோட்டை எடுத்தேன். ஆறு வருடமாக என் மேசையில் கிடக்கிறது; எண் தெரியும், எது எதற்கான எண் என்று தெரியாது. விரல் வைத்து எழுத்துக் கூட்டினேன். ரமோனா, வாங்கி ஐந்து வருடம். உள்தடை பன்னிரண்டு, பதினாறு, இருபத்தொன்று, முப்பது. பக்கத்தில் சிவப்பில், பயிற்சிக்கு மட்டும். உள்தடை இப்படி ஏறிய பேட்டரி சும்மா இருக்கும்போது நல்ல வோல்ட் காட்டும், மோட்டார்கள் இழுத்ததும் படுத்துவிடும்.

எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன், தப்பு என்னுடையது, இத்தனை நாள் படிக்கத் தெரியாததை மறைத்தேன் என்று. பிரின் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அட பெரியவரே, முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா, நான் என் கையைத் திட்டிக்கிட்டிருக்கேன். மொதல்ல உங்க பொண்ணைக் கழட்டுங்க" என்றாள்.

ஜனவரியில் வாங்கி இன்னும் பேர் வைக்காத இரண்டை ஆட்டத்துக்கு ஒன்றாக மாட்டினோம். இரண்டாவதை ஜெயித்தோம். மூன்றாவதில் கடைசி இருபது விநாடி நான் ரோபோவைப் பார்க்கவில்லை, ஓட்டும் கருவியின் குச்சியில் இருந்த பிரினின் கட்டைவிரலைத்தான் பார்த்தேன். மணி அடிக்கும்வரை அது நிற்கவே இல்லை. ஜெயித்தோம், மகளே.

ஹாஸ்கின்ஸ் நோட்டையும் பேனாவையும் நீட்டி, "இனிமே இதை நீங்களே எழுதுங்க, ஆர்வில்" என்றார். ரமோனா, ஓய்வு என்று எழுதினேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் கார் பேட்டரிக்கு எத்தனை வயது என்று பார், கடையில் பளு கொடுத்துச் சோதிக்கச் சொல். கடவுள் உங்களைக் காப்பாற்றட்டும். இனி வாராவாரம் என் கிறுக்கலைப் படித்துத்தான் ஆகவேண்டும் நீ.

உன் அப்பா,
ஆர்வில் டப்ஸ்