அத்தைக்கு எதிரான சாட்சி

ஜூன் 12
நாளைக்குச் சாட்சி சொல்ல வேண்டும். சொந்த அத்தைக்கு எதிராக. கோயம்புத்தூரில் தையல் வேலை என்று கூட்டிப்போய், என்னை அந்த மாதிரி வீடொன்றில் விற்றுவிட்டு வந்தவள். "நடுவுல திரை போட்டுருவாகம்மா, உன்னைய அவ பாக்க முடியாது" என்றார் முபீனா அக்கா. சிறப்பு நீதிமன்றம் எனக்குத் துணையாக நியமித்தவர். பயமில்லை என்றேன். பொய்.

ஜூன் 13
போச்சு. எல்லாம் போச்சு.
வழக்கில் என் பெயரே வெளியே வரக் கூடாது. ஆனால் ஆட்களைக் கூப்பிடும் டவாலிக்கு இந்த நீதிமன்றம் புது இடம், பழக்கம் மட்டும் பழசு. சம்மனைப் பார்த்து, வராந்தா முழுக்கக் கேட்கும்படி மூன்று முறை கூவினார்: "பேயாண்டி மகள் பவதாரிணி!"
அத்தைக்காக வந்திருந்த எங்கள் ஊர் சோழவந்தான் ஆட்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். நான் வெளியூரில் வேலை பார்ப்பதாகத்தான் அம்மா ஊரில் சொல்லிவைத்திருந்தாள். முபீனா அக்காவின் கையை உதறிவிட்டு என் அறைக்கு ஓடிவந்துவிட்டேன்.

ஜூன் 14
அம்மா போன் செய்தாள். "ஊரே பேசுது. உன் தங்கச்சி மீனாவப் பொண்ணு பாக்க வாறவுக வரலேன்னுட்டாக. கோர்ட்டுக்குப் போகாதடி. வீட்டுக்கு வந்துரு."
வீட்டுக்கு வா. இந்த ஒரு சொல்லுக்குத்தானே இத்தனை நாள் ஏங்கினேன்! நேரம் பார்த்துச் சொல்கிறாள்.

ஜூன் 17
அழுகை. வேறொன்றுமில்லை.

ஜூன் 20
முபீனா அக்கா வந்தார். ஜட்ஜம்மா டவாலியைக் கண்டித்தாராம். இனி யார் பெயரையும் கூப்பிடக் கூடாதாம். இனியாம்! "என் பேரு வெளிய போனது போனதுதானக்கா?" என்றேன். "ஆமாம்மா" என்றார். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அதனாலேயே அவர்மேல் கோபம் வரவில்லை.
வேறு கட்டிடத்திலிருந்து காமிராவில் பேசலாமாம். யோசிக்கிறேன் என்றேன்.

ஜூன் 25
மறுபடி அம்மா. "ஜாமீன்ல வந்ததுலருந்து உங்க அத்த திருந்திட்டாடி. மீனாவுக்குக்கூட வேல பாத்துத் தாரேங்குறா."
அடிப்பாவி அம்மா, மீனாவையுமா?

ஜூலை 4
போனேன். சின்ன அறை, ஒரு டிவி, பக்கத்தில் அக்கா. அத்தையின் வக்கீல் கேட்க நினைத்ததையெல்லாம் ஜட்ஜம்மாவே தன்மையாகக் கேட்டார். அசிங்கமான ஒரு கேள்வியை அடியோடு தள்ளிவிட்டார். நடுவில் தண்ணீர் கேட்டுக் குடித்தேன். காத்திருந்தார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 9
அத்தைக்குப் பத்து வருஷம். அம்மாவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

நவம்பர் 3
மீனா பசுமலையில் என் அறைக்கு வந்தாள். வேறு மாப்பிள்ளை அமைந்திருக்கிறதாம், தை மாதம் கல்யாணம். "உன்னைய வர வேணாம்னு சொல்லச் சொன்னா அம்மா" என்று சொல்லிவிட்டு அழுதாள். எனக்கும் வலித்தது. ரொம்ப வலித்தது.
ஆனாலும் பிள்ளை கோயம்புத்தூரில் இல்லை, என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். போதும் என்றாள். இன்னொரு தோசை ஊற்றினேன்.