வாசற்படியிலிருந்து கேட் வரைக்கும் நாற்பது அடி

அன்பு மகள் இளமதிக்கு, ஆரணியிலிருந்து உன் வேணு சித்தப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை தமிழ்வாணனும் அந்த ஜெர்மனிக் குளிரில் தும்மல்கூட இல்லாமல் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன், இங்கே வானத்தைத் தவிர மற்ற எல்லாரும் சௌக்கியம். கையில் போனை வைத்துக்கொண்டு கடிதம் எழுதுகிறாரே என்று சிரிக்காதே. போனில் பேசினால் உன் அம்மா காதில் விழும், என் குரல் அப்படி, பஸ் ஸ்டாண்டில் பேசினால் அடுத்த ஊர் கண்ணமங்கலம் வரை கேட்கும். அதனால் எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், வரிசை மாறாமல் படி.

உன் அம்மா வீட்டு வாசலில் வேலை அமோகமாக நடக்கிறது. வாசற்படியிலிருந்து கேட் வரைக்கும் நாற்பது அடி நீளம், எட்டடி அகலம், நீயும் நானும் பேசினபடி பேவர் பிளாக் பாதை. இப்படி ஒரு பள்ளத்தை இந்தத் தெருவில் யாரும் தோண்டினதில்லை. யூடியூப் வீடியோவில் ஒருத்தன் அரை அடி போதும் என்றான், நான் ஒரு அடி எடுத்தேன், நம் வீட்டு வேலை நாலு தலைமுறைக்கு நிற்க வேண்டாமா. கல் இறக்க வந்த வந்தவாசி லாரிக்காரர் நின்று பார்த்துவிட்டு, எந்த எஞ்சினியர் சார் போட்ட பிளான் என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டேன். கேட் ஏன் பாதிதான் திறக்கிறது என்றுதான் அவர் கேட்டார் என்று உன் கற்பகம் சித்தி சொல்வாள், அவளுக்குக் காது மந்தம். கல்லை எல்லாம் கேட்டுக்குப் பின்னால் அடுக்கிவிட்டார்கள், அதனால் கேட் பாதிதான் திறக்கிறது, அது வேறு விஷயம்.

காண்டிராக்டர் வைக்கிறேன் என்று நீ சொன்னபோது வேண்டாம் என்றது நான்தான், மறக்கவில்லை. இடுப்பு ஆபரேஷன் ஆன உன் அம்மா, என் அண்ணிக்கு வாக்கர் உருளாமல் வாசல் மேடு பள்ளத்தில் மாட்டுகிறது, இதை வெளியாள் கையிலா கொடுப்பது என்று நினைத்தேன். உன் அப்பா போன நாளிலிருந்து அந்த வீட்டில் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் நான்தானே அடித்திருக்கிறேன். முதல் நாளே மேஸ்திரி தருமன் வந்து எட்டிப் பார்த்தான். நைலான் கயிறு கட்டுங்க, டியூப்ல தண்ணி ஊத்தி மட்டம் பாருங்க, நூல நம்பிகினு தோண்டாதீங்க நைனா என்றான். நான் கட்டியிருந்தது சாதாரண நூலா, முறுக்கேற்றின பட்டு, நாலு இழை சேர்த்து முளைக்கு முளை இழுத்துக் கட்டியது, சுண்டினால் வீணை மாதிரி பேசியது. நீ கரண்டி பிடிக்கறதுக்கு முன்னாடியே நான் தறிக்குப் பாவு இழுத்தவன்டா, எனக்கு நூலு சொல்லித் தர வந்துட்டியா என்று தெருவே கேட்கும்படி கேட்டுவிட்டேன். சரிங்க, நீங்களே பெரிய மேஸ்திரி, நான் உங்க தறியாண்ட வரமாட்டேன், நீங்க என் கரண்டியாண்ட வராதீங்க என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

இனி எழுதுவதை நிதானமாகப் படி. காலையில் கட்டியபோது நூல் விண்ணென்றுதான் இருந்தது. பத்து மணிக்குத் தூறல் ஆரம்பித்தது, தூறலுக்கு நிற்கிற ஆளா நான், தோண்டிக்கொண்டே போனேன். நூலிலிருந்து கோலை வைத்து அளந்து அளந்து, ஒரே அளவு, மயிரிழை பிசகவில்லை. ஆனால் பட்டு ஈரம் குடித்தால் தொய்யும் இளமதி. மழை நாளில் பாவு நூலை வெளியே எடுக்காதே என்று இந்தத் தெருவுக்கே சொல்கிறவன் நான். முளையாண்ட சரியாக இருந்த நூல் நடுவில் தொங்கியிருக்கிறது, நான் அந்தத் தொங்கலிலிருந்து அளந்து நடுவில் இன்னும் ஒரு சாண் இறக்கிவிட்டேன். அன்று சாயங்காலம் பெய்த மழை மொத்தமும் அங்கேதான் வந்து உட்கார்ந்தது. தண்ணீரை வாளியால் இறைத்து, ஈரத்தின்மேலேயே கிராவலைக் கொட்டி, திமிசுக் கட்டையால் குத்தினேன். குத்தக் குத்த கிராவல் உள்ளே போய்ச் சேறு மேலே வந்தது. மறுநாளும் மழை. மூன்று லோடு கிராவல் எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை. இப்போது வாசற்படியிலிருந்து இறங்கினால் முழங்கால் வரை சேறு. பழைய தறிப் பலகை ஒன்றைப் போட்டிருக்கிறேன், அதில் சித்தி நடக்கிறாள், நான் நடக்கிறேன், வாக்கர் நடக்காது.

இதனால் அண்ணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் செய்கிற எக்சர்சைஸ் மூன்று தடவை தவறிவிட்டது. முன்பு மேடு பள்ளமாக இருந்தாலும் நானும் சித்தியும் கைகொடுத்து ஆட்டோ வரை கொண்டு போனோம், பாதை போடுகிறேன் என்று ஆரம்பித்து இருந்த வழியையும் அடைத்துவிட்டேன். கால் மடங்காமல் இறுகிக்கொண்டே வருகிறது, இந்த மாதம் விட்டால் அப்புறம் வாக்கர்தான் ஆயுசுக்கும் என்று அந்த எக்சர்சைஸ் பெண் போனில் சொன்னாள். போன வெள்ளிக்கிழமை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, முன்னால் ஆட்டோக்காரர், பின்னால் நான், தூக்கினோம். பாதி தூரத்தில் என் கால் வழுக்கியது. விழவில்லை, நாற்காலி சாய்ந்தது அவ்வளவுதான், அண்ணி என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டார். உள்ளே வந்து உட்கார்ந்ததும், வேணு, நான் வுழுந்தா தூக்க நீ இருக்க, நீ வுழுந்தா யாரு இருக்கா என்று சிரித்தார். அதற்கப்புறம் நாற்காலி என்றால் தலையை ஆட்டிவிடுகிறார்.

என் மேல் ஒரு வார்த்தை கோபம் இல்லை, அதுதான் பேஜாராக இருக்கிறது. தினமும் ஜன்னலாண்ட உட்கார்ந்து, எவ்ளோ ஆச்சி வேணு என்கிறார். முக்கால்வாசி ஆச்சி அண்ணி, மண்ணு செட்டாவணும் என்கிறேன். செவ்வாய்க்கிழமை காலையில் நான் வருவதற்குள் எக்சர்சைஸுக்குப் போகத் தலை வாரி, நீலப் புடவை மாற்றி, வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நிற்கிறார், நான் சொன்னதை நம்பி. பாதையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இன்னும் செட்டாவல போல என்று சொல்லிவிட்டுத் திரும்பி உள்ளே போனார். அந்த நாலடி போக எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா.

அதனால் ஒரு உதவி. தருமனுக்கு நீ ஒரு போன் போடு. நீயாகவே கூப்பிடுகிற மாதிரி பேசு, அம்மாவை நினைத்தால் கவலையாக இருக்கிறது, பாதை எப்படி இருக்கிறது என்று போய்ப் பார்த்துச் சொல்லுங்கள் அண்ணா என்று சொல்லு. என் பேரை எடுக்காதே. நான் கேட்டதாகத் தெரிந்தால் அவன் அதை டீக்கடையில் உட்கார்ந்து பத்து வருஷம் சொல்வான்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். குளிர் என்று சாப்பாட்டை ரொட்டியில் முடித்துவிடாதே, ஒரு வேளையாவது சோறு வடி. பனியில் நடக்கும்போது செல்போன் பார்க்காதே. தீர்க்காயுசாக, நினைத்தது நடந்து, இரண்டு பேரும் நிறைவாக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு ஆட்டோ வரும், அதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும், மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் சித்தப்பா,
கா. வேணுகோபால்

பி.கு. கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தால் மறுபடி தூறுகிறது. அண்ணி ஜன்னலைச் சாத்தாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். தருமன் வரமாட்டேன் என்று இழுத்தால், சித்தப்பாதான் கூப்பிடச் சொன்னார் என்றே சொல்லிவிடு. டீக்கடையில் சொல்லிக்கொள்ளட்டும். மட்டம் பார்க்கிற டியூபின் ஒரு முனையை நானே பிடித்துக்கொள்கிறேன் என்றும் சொல்.