சூடேற்றாத இரும்புத் துண்டு

நீ வைத்த வெல்டிங் ஒட்டில் வெடிப்பு இருக்கவில்லை. இருந்ததாகச் சொன்ன ஓர் அறிக்கையைக் காட்டி உன்னை வேலையிலிருந்து அனுப்பினார்கள். அந்த அறிக்கையில் கையெழுத்து வைத்தவன் நான்.

இன்று மத்தியானம், வெள்ளவத்தை வீட்டு யன்னலடியில் கடதாசி பறக்காமல் வைத்திருக்கும் இரும்புத் துண்டை எடுத்தேன். வெயிலில் கிடந்து கையைச் சுட்டது. ஒட்டுக்குள் ஒலியை அனுப்பி வெடிப்புத் தேடும் மீயொலிக் கருவிக்கு, சோதிக்குமுன் அளவு பிடிக்கும் துண்டு அது. அன்றைக்கும் அது இப்படிச் சுட்டிருந்தால் நீ பெயர் கெடாமல் போயிருப்பாய்.

அந்தச் சாயத் தொழிற்சாலையின் நீராவிக் குழாய். பொயிலரை நிறுத்தாமல் சூட்டோடு சோதிக்கச் சொன்னார்கள். துண்டையும் குழாயின் மேல் அரை மணித்தியாலம் வைத்துச் சூடேற்ற வேண்டும் என்றேன். ஏசி அறையில் குளிர்ந்து கிடந்த துண்டில் பிடித்த அளவு, கொதிக்கும் குழாய்க்குச் சரிவராது. சூட்டில் ஒலியின் வேகமும் அது போகும் கோணமும் மாறிவிடும். நானாகவே படித்து அறிந்தது.

தொழிற்சாலை எஞ்சினியர் சிரித்தார். "ஐசே, நீர் எந்த யூனிவர்சிற்றியில படிச்சனீர்? கெதியாப் பாத்திட்டு வாரும்."

ரோசத்தில் துண்டைச் சூடேற்றாமலே போய்ப் பார்த்தேன். ஒட்டின் நடுவில் வெடிப்பு என்று திரை காட்டியது. பக்கத்தில் நின்ற நீ சொன்னாய்: "மச்சான், உன்ட மெஷினுக்குக் காய்ச்சல். காய்ச்சல்ல பிசத்துறதை எல்லாம் எழுதுவியா?"

எழுதினேன்.

நீ போன பிறகு பொயிலரை நிறுத்தி அந்த ஒட்டை வெட்டி எடுத்தார்கள். மயிரிழை வெடிப்பும் இல்லை. குழாயின் உள்விளிம்பில் பட்டுத் திரும்பிய எதிரொலியைத்தான் கருவி இடம் மாற்றிக் காட்டியிருந்தது. அறிக்கையைத் திருத்துங்கள் என்றேன். "போன ஆளுக்காக இனி என்னத்துக்குக் கதைக்கிறீர்?" என்றார் எஞ்சினியர். வெட்டிய குழாய் வளையத்தை ஸ்டோரில் போட்டுப் பூட்டினார்கள்.

கொட்டாஞ்சேனையில் யாருக்கோ இரும்புக் கேற் ஒட்டிக்கொண்டிருந்த உன்னிடம் வந்து சொன்னேன். முகமூடியைத் தூக்காமலே, "எனக்குத் தெரியும். அவங்களுக்குச் சொல்லு" என்றாய்.

சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். உன்னைப் பொரளையில் அடக்கம் செய்த கிழமையும் ஒரு கடிதம் எழுதினேன். எதற்கும் பதில் இல்லை.

இனி, தொழிற்சாலை அந்த வளையத்தை வெளியே எடுத்து, உன் ஒட்டு நல்லது என்று உன் மனுசியின் கையில் கடிதம் கொடுக்க வேண்டும். நான் நாளை புதுக்கடைக் கோட்டடிக்குப் போய், சட்டத்தரணி முன்னால், கையெழுத்து வைத்தது பிழை என்று சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும்; இந்தத் துண்டையும் கொண்டுபோவேன். எஞ்சினியர், முதல் அறிக்கை பிழை என்று தன் கையால் எழுத வேண்டும். அதற்கு அரை மணித்தியாலம்கூடத் தேவையில்லை.